உப்புக் காற்றும் ஒரு பழைய மிக் மெஷினும்

மணப்பாட்டில் இரும்புக்கு ஆயுசு குறைவு. மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் நானூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. அதே குன்றின் அடியில், கடலைப் பார்த்த வீட்டின் ஜன்னல் கம்பி சில வருஷத்திலேயே பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்துவிடும். முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்றான இங்கே ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் கழிமுகம். அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத்துளி காற்றோடு வந்து கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, மீன் பெட்டி தள்ளும் வண்டி என எல்லாவற்றின் மேலும் படிகிறது. வெல்டிங் பட்டறைக்கு இந்தக் கரையில் வேலை ஓய்வதே இல்லை.

அந்த வேலையில் பெரும்பகுதி மெல்லிய இரும்பில் நடப்பது. ஒன்றரை, இரண்டு மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய்கள்தான் அதிகம். துரு தின்ற பிறகு அதுவும் ஒரு மி.மீ.க்கு வந்து நிற்கும். அதில் ராடு வைத்துப் பற்றவைத்தால் கைதேர்ந்தவருக்கே ஓட்டை விழும். கம்பி தானாக நீண்டுகொண்டே வரும் மிக் வெல்டிங் இந்த வேலைக்குப் பொருத்தமானது. நம் பட்டறைகளில் இதைச் சிஓடூ வெல்டிங் என்றுதான் சொல்வார்கள். கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் இடங்களில் நாள் முழுக்க ஓடுவது இதுவே. புதிய இன்வெர்ட்டர் மெஷின் வாங்க வசதியில்லாதவர் கைக்கு இதன் சின்ன உருவம் ஒன்று கைமாறி வந்து சேரும்: உள்ளே கனத்த டிரான்ஸ்ஃபார்மர், முன்பக்கம் நான்கு அல்லது ஆறு படிகள் உள்ள வோல்டேஜ் சுவிட்ச், கம்பியின் வேகத்துக்கு ஒரு திருகு, உச்சத்தில் 130 அல்லது 150 ஆம்பியர். வீட்டு உபயோகத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என்று செய்யப்பட்டவை இவை.

வந்த கொஞ்ச நாளிலேயே அது மூலைக்குப் போய்விடுவதும் உண்டு. "அண்ணாச்சி, சும்மா துப்பிக்கிட்டே இருக்கு, ஒட்டவே மாட்டேங்குது. மெஷின் போயிருச்சு" என்பார் வாங்கியவர். விவரம் தெரிந்த பட்டறைக்காரர் மெஷினைத் திறக்கமாட்டார். "மொதல்ல எர்த்தைப் பாரு தம்பி" என்பார்.

அவர் சொல்வதில் ஒரு முழு விஞ்ஞானம் இருக்கிறது. இத்தனை எளிமையான கருவியில் கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை. டிரான்ஸ்ஃபார்மரும் டையோடும் சேர்ந்து வருஷக்கணக்காக ஓடக்கூடியவை. வேலை கெடுவதெல்லாம் மெஷினிலிருந்து இரும்புக்குப் போகும் மூன்று வழிகளில்: கம்பி போகும் வழி, மின்சாரம் போகும் வழி, வாயு போகும் வழி. மணப்பாடு மாதிரி ஊரில் உப்பும் காற்றும் நீண்ட மெல்லிய ஒயரும் சேர்ந்து இந்த மூன்றையும் அடைக்கின்றன. வழியைச் சுத்தம் செய்தால் பழைய மெஷின் நல்ல வேலை தரும் என்பது என் உறுதியான கருத்து.

இதைப் புரிந்துகொள்ள, கம்பி வெளிவரும் வெல்டிங் துப்பாக்கியின் முனையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ராடு வெல்டிங்கில் மெஷின் மின்னோட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்துக்கொள்கிறது; ராடுக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் ஆர்க்கின் நீளத்தைக் கைதான் காக்க வேண்டும். மிக் மெஷின் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்துக்கொள்கிறது. கம்பி ஒரே வேகத்தில் வருகிறது. கை சற்று விலகினால் ஆர்க் நீளும், மின்னோட்டம் குறையும், கம்பி உருகுவது மெதுவாகும், பின்னால் வரும் கம்பி இடைவெளியை நிரப்பிவிடும். கை நெருங்கினால் எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும். ஆர்க்கின் நீளத்தை யாரும் கவனிக்காமலே இயற்பியல் சரிசெய்கிறது. புதிதாகப் பழகுபவருக்கும் மிக் எளிதில் கைவருவது இதனால்தான்.

ஆனால் அந்தத் தன்திருத்தம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: கம்பியின் வேகமும் வோல்டேஜும் நிலையாக இருக்க வேண்டும். ஒன்று தடுமாறினாலும் அத்தனையும் தடுமாறும்.

மெல்லிய இரும்பில் நாம் பயன்படுத்தும் தாழ்ந்த வோல்டேஜில், அதாவது 15 முதல் 20 வோல்ட் வரைக்குள், உலோகம் தொடர்ந்து ஒழுகுவதில்லை. தொட்டுத் தொட்டுத்தான் போய்ச் சேர்கிறது. கம்பியின் நுனி உருகிய குட்டையைத் தொடுகிறது. அந்தக் கணம் ஆர்க் அணைகிறது, வோல்டேஜ் சரிகிறது, மின்னோட்டம் குபீரென்று ஏறுகிறது. ஏறும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலம் உருகிய நுனியைச் சுற்றிலுமிருந்து நெரிக்கிறது. கழுத்து மெலிந்து அறுந்து, துளி குட்டையில் விழுகிறது. ஆர்க் மறுபடி பற்றுகிறது. இது ஒரு வினாடிக்குப் பல பத்து முறை, சில சமயம் நூறு முறைக்கு மேலும் நடக்கும். 0.8 மி.மீ. கம்பி 100 ஆம்பியரில் நிமிடத்துக்கு ஐந்தரை மீட்டர் அளவில் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வினாடிக்குச் சுமார் 90 மி.மீ. வினாடிக்கு நூறு தொடுகை என்றால் ஒரு தொடுகைக்கு ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவான கம்பி. அத்தனை சின்ன அளவுகளில்தான் உலோகம் பரிமாறப்படுகிறது.

நம் காதுக்குக் கேட்பது இந்தத் தொடுகைகளின் சத்தமே. எல்லாம் சரியாக இருந்தால் காய்ந்த எண்ணெயில் வடகம் பொரிவது போல ஒரே சீரான சடசடப்பு வரும். கம்பி வேகம் அதிகமானால் 'டப் டப்' என்று கம்பி இரும்பில் முட்டித் துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளும். வேகம் குறைந்தால் நுனியில் பெரிய குண்டு திரண்டு 'புஸ்' என்று தொங்கி விழும். இன்னும் குறைந்தால் ஆர்க் பின்னோக்கி எரிந்து கம்பி செம்பு முனையோடு ஒட்டிக்கொள்ளும். பழகியவர்கள் திருகைப் பார்த்து வேகம் வைப்பதில்லை. வேலைக்குரிய அதே கனத்தில் ஒரு கழிவுத் துண்டை எடுத்து, வோல்டேஜை ஒரு படியில் நிறுத்திவிட்டு, வேகத்தை மேலிருந்து கீழே கொண்டுவந்து, சடசடப்பு சீராகும் இடத்தில் விடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார்கள். திருகில் இருக்கும் எண்களை நம்ப வேண்டாம், சத்தத்தை நம்புங்கள்.

மின்னோட்டம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர். ஒன்றரை மி.மீ. குழாய்க்கு 60, மூன்று மி.மீ. தகட்டுக்கு 120. சின்ன மெஷினில் 0.6 மி.மீ. கம்பி போடுவது பல சமயம் புத்திசாலித்தனம். 0.8 கம்பியின் குறுக்குப் பரப்பு 0.6ஐப் போல 1.8 மடங்கு, அதை ஒழுங்காக உருக்கக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். துரு தின்று மெலிந்த கிரிலுக்கு 30, 40 ஆம்பியரில் அமைதியாக ஓடக்கூடியது மெல்லிய கம்பிதான்.

கம்பி போகும் வழிக்கு வருவோம். உருளைச் சுற்றிலிருந்து அவிழ்ந்து, பள்ளமிட்ட சின்னச் சக்கரங்கள் இரண்டுக்கு நடுவே நெருக்கப்பட்டு, நீண்ட எஃகுச் சுருள் குழாய்க்குள் ஓடி, செம்பு முனையின் துளை வழியாக வெளியே வருகிறது. இந்தப் பாதையில் எங்கே உராய்வு கூடினாலும் வேகம் ஏறி இறங்கும். முதல் சந்தேகம் செம்பு முனை மேல் விழ வேண்டும். மின்சாரம் கம்பிக்குள் ஏறும் இடமே அதுதான். நாளடைவில் துளை தேய்ந்து முட்டை வடிவாகிவிடும்; கம்பி ஒருபக்கம் தொட்டும் தொடாமலும் போகும். காசுக்கு மலிவான பொருள். மெஷின் கைக்கு வந்ததும் முதலில் இதை மாற்றுங்கள். 0.8 கம்பிக்கு 0.8 முனைதான்.

அடுத்தது சக்கரத்தின் அழுத்தம். வழுக்கினால் எல்லோரும் திருகை முறுக்குகிறார்கள். அதிகம் முறுக்கினால் கம்பி நசுங்கித் தட்டையாகி முனைக்குள் சிக்கும். பின்னால் வரும் கம்பி சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சுருண்டு கூடு கட்டிவிடும். சரியான அழுத்தத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: கையுறை போட்டுக்கொண்டு, துப்பாக்கியை ஒரு காய்ந்த மரப்பலகைக்குச் சில அங்குலம் எட்டப் பிடித்துக் கம்பியை விடுங்கள். பலகையில் முட்டியதும் கம்பி வழுக்காமல் வளைந்து சுருள வேண்டும். அந்த அளவுக்கு மட்டும் முறுக்கினால் போதும். சக்கரத்தின் பள்ளம் கம்பியின் அளவுக்கு உரியதுதானா என்றும் பார்த்துவிடுங்கள். பல பழைய சக்கரங்களில் ஒரு பக்கம் 0.6, திருப்பிப் போட்டால் 0.8 என்று இரண்டு பள்ளங்கள் இருக்கும்.

கடற்கரையில் இதற்கெல்லாம் மேலே ஒன்று சேர்கிறது. கம்பியின் மேலுள்ள செம்புப் பூச்சு மிக மிக மெல்லியது. உப்புக் காற்றில் திறந்து வைத்த சுற்றில் அந்தப் பூச்சைத் தாண்டிப் புள்ளி புள்ளியாகத் துரு எழும். துருப்பொடி சுருள் குழாய்க்குள் உதிர்ந்து சேர்ந்து அடைக்கும். அதைவிட மோசம், துரு என்பது நீர் கட்டுண்ட இரும்பு ஆக்ஸைடு. ஆர்க்கின் வெப்பத்தில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜனாக உருகிய உலோகத்தில் கரைந்து, உறையும்போது குமிழியாக வெளியே வரப் பார்க்கிறது. வேலை முடிந்ததும் சுற்றைக் கழற்றி, மூடி இறுகும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுங்கள். பழைய சுற்றில் மேலே துருப்பிடித்த அடுக்குகளைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள். சுருள் குழாயைக் காற்றழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்யலாம். எண்ணெய் மட்டும் விடக்கூடாது. எண்ணெயும் ஹைட்ரஜனைக் கொண்டுவரும்.

சில மலிவு மெஷின்களில் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. கம்பியைத் தள்ளும் மோட்டாருக்கும் வெல்டிங்குக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டிலிருந்தே மின்சாரம் போகும். ஆர்க் பற்றியதும் அந்த வோல்டேஜ் சரியும், மோட்டாரும் தளரும். தன்திருத்தத்துக்கு வேண்டிய நிலையான வேகம் அங்கே கிடைக்காது. விவரமுள்ள எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து மோட்டாருக்குத் தனியாக ஒரு மின்வழங்கி வைத்தால், மெஷினின் குணமே மாறிவிடும்.

மின்சாரத்தின் வழி: இங்கேதான் அந்த அண்ணாச்சி சொன்ன எர்த். துப்பாக்கியிலிருந்து இரும்புக்குப் போன 100 ஆம்பியரும் எர்த் கிளாம்ப் வழியாகத்தான் மெஷினுக்குத் திரும்ப வேண்டும். துருவின் மேல், பெயிண்டின் மேல் கவ்விய கிளாம்பில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் 100 ஆம்பியருக்கு அது 2 வோல்ட் இழப்பு. மொத்தம் 18 வோல்ட் இருக்கும் இடத்தில் 2 போனால் ஆர்க் வேறு ஆர்க்காகிவிடும். அந்த 2 வோல்டும் 100 ஆம்பியரும் சேர்ந்து 200 வாட் வெப்பமாகக் கிளாம்பிலேயே எரிகிறது. வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கிளாம்புக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால், இரும்புக்குப் போக வேண்டிய சக்தி அங்கே வீணாகிறது. கவ்வும் இடத்தை கிரைண்டரால் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். கிளாம்பின் பல், கேபிளை அதோடு பிணைக்கும் லக், மெஷினின் போல்ட் என எல்லா இணைப்பும் உப்பில் பச்சை பூத்தோ கறுத்தோ போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்து இறுக்குவது அரை நாள் வேலை. மெஷினுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உபகாரம் அதுதான்.

உள்ளே வரும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். வாசலில் கேட் வேலை, பிளக் வீட்டின் பின்கட்டில். முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பார்கள். 1 சதுர மி.மீ. செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம் தடை; போக வர 60 மீட்டருக்கு ஓர் ஓமுக்குச் சற்று மேல். மெஷின் 20 ஆம்பியர் இழுத்தால் 22 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். சாயங்காலம் ஊரில் வோல்டேஜும் தாழ்ந்திருந்தால் மெஷினுக்குக் கிடைப்பது 200 வோல்ட்கூட இருக்காது. பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு இதை ஈடுகட்டத் தெரியாது. உள்ளே எத்தனை விழுக்காடு குறைகிறதோ வெளியேயும் அத்தனை குறையும். 230க்கு 20 வோல்ட் கொடுக்கும் படி, 200க்கு 17.4 வோல்ட்தான் கொடுக்கும். காலையில் நன்றாக ஓடிய அதே அமைப்பு மாலையில் முட்டுவதற்குக் காரணம் இதுவே. 4 சதுர மி.மீ. ஒயர் வாங்குங்கள், சுருளாகக் கிடக்கவிடாமல் முழுதும் விரித்துப் போடுங்கள். சுருண்டு கிடந்தால் ஒயர் சூடேறி உறை உருகும்.

மூன்றாவது வழி வாயு. மணப்பாட்டில் இதுதான் பெரிய விஷயம்.

உருகிய இரும்பு காற்றைத் தொட்டால் நைட்ரஜன் அதில் கரையும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தானே. உருகிய நிலையில் தாங்கிய அளவை உறைந்த இரும்பால் தாங்க முடியாது. உறையும் கணத்தில் மிச்சம் வாயுவாகப் பிரிந்து வெளியே வழி தேடும். பாதி வழியிலேயே உலோகம் இறுகிவிட்டால் ஓட்டை ஓட்டையாக நிற்கும். இதைத் தடுக்கத்தான் முனையைச் சுற்றிக் கார்பன் டை ஆக்ஸைடோ, ஆர்கான் கலந்த வாயுவோ நிமிடத்துக்கு 10, 12 லிட்டர் அளவில் வழிகிறது. மெதுவாக வழியும் அந்தத் திரையைக் கலைக்கப் பெரிய புயல் வேண்டியதில்லை. கட்டுமான எஃகுக்கான அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் விதிநூல், காற்று மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டினால் மறைப்பு இல்லாமல் இந்த வகை வெல்டிங் கூடாது என்கிறது. 8 கிலோமீட்டர் என்பது முகத்தில் லேசாக உணரும், இலை சலசலக்கும் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் காற்று இறங்கிவரும் மாதங்களில், பட்டம் கட்டிப் பலகை மேல் அலையில் பறக்கும் விளையாட்டுக்காரர்கள் மணப்பாட்டைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு வரமான அந்தக் காற்றில் வெளிவாசலில் மிக் வெல்டிங் வைத்தால் தேன்கூடுதான் கிடைக்கும்.

பலரும் உடனே வாயுவைக் கூட்டி வைக்கிறார்கள். அது எதிர்மாறாக வேலை செய்யும். குறுகிய வாயில் வழியே வேகமாகப் பாயும் வாயு சுழன்று, சுற்றியுள்ள காற்றையே உள்ளே இழுத்துக் கலக்கும். செய்ய வேண்டியது காற்றை மறைப்பது. மூன்று பக்கம் தகரத்தை நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் கைக்கு முதலில் கிடைப்பது பனையோலைத் தட்டிதான்; பொறி பட்டால் ஒரு நிமிடத்தில் பற்றிக்கொள்ளும், அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். முனையை வேலைக்குப் பத்து மி.மீ. கிட்டே வையுங்கள். வாயு வரும் கிண்ணத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும் உலோகத் துப்பலைச் சுரண்டுங்கள். அதுவும் திரையைக் கலைக்கும்.

கச்சான் ஓயவே ஓயாத நாட்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. உள்ளே மாவு அடைத்த, வாயு தேவைப்படாத கம்பி. அந்த மாவு எரிந்து தானே மறைப்பு வாயுவையும் மேலே கசடையும் உண்டாக்கும். இதைப் போடும்போது மெஷினுக்குள் துருவங்களை மாற்ற வேண்டும்: வாயு மறைப்புள்ள கம்பிக்குத் துப்பாக்கி நேர்முனை, இதற்குத் துப்பாக்கி எதிர்முனை. முன்பு வைத்திருந்தவர் எதில் விட்டுப்போனார் என்று பாராமல் தொடங்கி, மெஷின் துப்புகிறது என்று குறைப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

வாயு சிலிண்டரில் இந்த வெயிலுக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்ஸைடு திரவமாக இருக்கிறது என்று படித்திருப்போம். 31.1 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது திரவமாக இருக்க முடியாது; எவ்வளவு அழுத்தினாலும் திரவம் வேறு வாயு வேறு என்ற பிரிவே இல்லாத நிலைக்குப் போய்விடும். சித்திரை வைகாசியில் வெயிலில் நிற்கும் சிலிண்டர் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும், அழுத்தமும் ஏறியிருக்கும். குளிர்ந்த காலையிலோ திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தமானியின் முள் அசையவே அசையாது. இரண்டு நிலையிலும் எவ்வளவு மீதி என்பதை முள் சொல்லாது. எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வந்தால் 540 லிட்டருக்குக் குறையாத வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் ஏறக்குறைய 54 நிமிட ஆர்க். சிலிண்டரை நிழலில், சாயாமல் கட்டி வையுங்கள்.

கார்பன் டை ஆக்ஸைடு ஆர்க்கில் அப்படியே இருப்பதில்லை. கார்பன் மோனாக்ஸைடாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. அந்த ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளத்தான் கம்பியில் மாங்கனீசும் சிலிக்கானும் சேர்க்கிறார்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இஆர் 70எஸ்-6 கம்பியில் மாங்கனீசு 1.4 முதல் 1.85 விழுக்காடு, சிலிக்கான் 0.8 முதல் 1.15 விழுக்காடு. ஆக்ஸிஜனோடு சேர்ந்த சிலிக்கான் உருகி மேலே வந்து, வெல்டிங்கின் முதுகில் பழுப்பு நிறக் கண்ணாடிப் பொட்டுகளாக உறையும். அவற்றைக் கூர்ந்து பாருங்கள்: நகத்தால் நெம்பினால் சில்லாகத் தெறிக்கும். பெயிண்ட் அதன் மேல் நிற்காது. உள்நாட்டில் ஒரு குறையாகத் தெரியாத இது, கடலோரத்தில் துரு தொடங்கும் முதல் இடம். வயர் பிரஷால் அத்தனையையும் தட்டிவிட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும்.

உப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டதும் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். கடலோரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, உப்பு படிந்த இரும்பு நம் கண்ணுக்குக் காய்ந்து தெரிந்தாலும் ஈரமாகவே இருக்கிறது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கிளை வைத்துக் கடலோர அரிப்பை ஆராய்வது சும்மா அல்ல. பட்டறைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது: துருவேறிய குழாயை வெறுமனே கிரைண்டரால் பளபளப்பாக்கினால் போதாது. அரித்த குழிகளின் அடியில் குளோரைடு தங்கியிருக்கும். மறுநாளே பழுப்பு பூக்கும். முதலில் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டு வெல்டிங் வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஹைட்ரஜன் குமிழி வரும்.

துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் என்றால் கூடுதல் கவனம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருகுவது 1,538 டிகிரியில். இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் ஆவியாகி உருகிய குட்டையைத் துளைத்துவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்சுரம் வரும். வெல்டிங் வைக்கும் இடத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுங்கள்; அப்போதும் காற்று போகும் இடத்தில், புகைக்கு முகத்தைக் கொடுக்காமல் வேலை செய்யுங்கள். கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிக் ஆர்க்கின் புறஊதாக் கதிர் கடுமையானது; பாதிப்பு உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து நடுராத்திரியில் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதாக எரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் அது விடாது.

கடலோர வேலையில் நான் மிகவும் வருந்துவது ஒன்றுக்காக. நேரமும் வாயுவும் மிச்சமாகும் என்று அங்கங்கே ஓர் அங்குலம் டாக் போட்டு விட்டுவிடுகிறார்கள். உள்நாட்டில் அந்த கேட் இருபது வருஷம் நிற்கலாம். இங்கே இரண்டு டாக்குக்கு நடுவே உள்ள மயிரிழை இடுக்கில் உப்புநீர் புகுந்து தங்கும். பெயிண்ட் பிரஷ் அங்கே போகாது. துரு ஊதிப் பெருத்து, வைத்த வெல்டிங்கையே நெம்பிப் பிளக்கும். சுற்றிலும் முழுதாக ஓட்டி இடுக்கை அடையுங்கள். தகடு நெளியாமலிருக்க ஒரே இடத்தில் தொடராமல், எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி நிரப்பலாம். குழாயின் இரண்டு வாயையும் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் உட்புறத் துரு நின்றுபோகும்.

மெஷினுக்கும் ஓய்வு வேண்டும். அதன் தகட்டில் 130 ஆம்பியருக்கு 20 விழுக்காடு என்று எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் அந்த அளவில் ஓட்டலாம் என்று பொருள். அந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்துக்குப் போடப்படுவது. தகரக் கூரையின் கீழ் மத்தியானத்தில் அதற்கு மேலும் போகும். காற்றோட்டத் துளைகள் வழியே உள்ளே படிந்த உப்புத் தூசை அவ்வப்போது ஊதி எடுங்கள். ஈரம் பட்டால் அது மின்சாரத்தைக் கடத்தும்.

இத்தனையும் செய்தபின் வெல்டிங் பார்க்க அழகாக வரும். அங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது. ராடு வெல்டிங் மோசமாக இருந்தால் பார்த்தாலே தெரியும். மிக் அப்படியில்லை. சூடு போதாத இடத்தில் உருகிய கம்பி இரும்பின் மேல் அழகாகப் படுத்திருக்கும், அடியில் ஒட்டியிருக்காது. சின்ன மெஷினில், தடித்த இரும்பில், இது அடிக்கடி நடக்கும். கண்ணால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே கனத்தில் இரண்டு துண்டை 'ட' வடிவில் நிறுத்தி ஒரே பக்கம் வெல்டிங் வைத்து, வைஸில் கவ்வி, பெரிய சுத்தியலால் வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து அடித்து மடக்குங்கள். இரும்பு வளைந்தும் வெல்டிங் விடவில்லையென்றால் அமைப்பு சரி. முழுதாகப் பெயர்ந்து வந்து, அடியில் கிரைண்டரின் கோடு அப்படியே தெரிந்தால், அங்கே உருக்கமே நடக்கவில்லை. திருச்சியில் 1975இல் பெல் நிறுவனத்தோடு தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இதற்கு எக்ஸ்ரேயும் மீயொலியும் இருக்கின்றன. நம் கையில் இருப்பது சுத்தியல். அதுவும் பொய் சொல்லாது.

கேட், கிரில், ஸ்டாண்டு, வண்டியின் மேல்தட்டு, மூன்று மி.மீ. வரையான தகடு. இவற்றுக்கு இந்தப் பழைய மெஷினைத் தாராளமாக நம்பலாம். நங்கூரத்தின் கை, பாரம் தூக்கும் கொக்கி, வள்ளத்தை இழுக்கும் வண்டியின் அச்சு, மனிதர் ஏறி நிற்கும் சாரம் ஆகியவற்றை அதில் வைக்காதீர்கள். 10 கேஜ் ராடோடு, அதில் கைதேர்ந்த பட்டறைக்காரரிடம் கொண்டுபோங்கள். கடலில் அதை நம்பி நிற்கப்போவது உங்கள் வீட்டு ஆட்கள்தான்.